நூலைப் போலத்தான் சேலை. ஆனால் எந்த நூல்?

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பதைப் பெண் பார்க்கப் போகையிலும் சொல்வார்கள், கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகையிலும் சொல்வார்கள். தறி ஓட்டுகிறவரைக் கேட்டால், பழமொழியில் பாதி விட்டுப்போயிருப்பதைக் காட்டிவிடுவார். துணியில் ஓடுவது ஒரே நூலா என்ன? நீளத்தில் பாவு, குறுக்கே ஊடை. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறொன்றும் போட்டால் மயில்கழுத்து மாதிரி மூன்றாவதாக ஒரு நிறம் மின்னும். பவானி ஜமக்காளத்தில் கதை வேறு: தடித்த ஊடை பாவை அப்படியே மூடிவிடும், மேலே தெரிவதெல்லாம் ஊடையின் நிறம்தான். எந்தத் துணியானாலும் ஓரத்தில் பிரித்து உருவிப் பாருங்கள். பாவு பாவாகவும் ஊடை ஊடையாகவும் கையில் வரும். நிறம் கலந்தது கண்ணில். நூல் கலக்கவே இல்லை.

மரபியலின் அடிப்படையும் இதுதான். கன்றுக்கோ குழந்தைக்கோ பெற்றோர் நிறத்தையும் உயரத்தையும் நேராகக் கொடுப்பதில்லை. அவற்றை உண்டாக்கும் குறிப்புகளைக் கொடுக்கிறார்கள். அந்தக் குறிப்புதான் மரபணு. ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்று உடம்பில் இரண்டு இருக்கும். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டில் ஒன்றுதான் போகும். எது போகும் என்பது சுண்டிய காசில் பூ விழுமா தலை விழுமா என்பதைப் போன்றது.

இதைக் கண்டுபிடித்தவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டில் உள்ள பிரனோ நகரத்து மடத்தில் இருந்த துறவி. 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணி போட்டார், 1866இல் முடிவுகளை அச்சிட்டார். 1900 வரை அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பட்டாணியை எடுத்ததில் சூட்சுமம் இருக்கிறது. பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும் பயிர் அது. ரகம் தலைமுறைதோறும் தூய்மையாக நிற்கும். மொட்டிலேயே மகரந்தப்பைகளைக் கிள்ளிவிட்டு வேறு செடியின் மகரந்தத்தைத் தடவினால், தகப்பன் யார் என்பதில் சந்தேகமே கிடையாது.

உருண்டை விதை ரகத்தையும் சுருங்கிய விதை ரகத்தையும் சேர்த்தார். முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அவற்றை அப்படியே தன்மகரந்தத்தில் விட்டபோது அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். மூன்றுக்கு ஒன்று. பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். அவர் அடுத்துச் செய்ததுதான் விவசாயிக்கு வேண்டியது. அந்த உருண்டை விதைகளை விதைத்து எடுத்த 565 செடிகளைத் தனித்தனியே காய்க்கவிட்டார். 193 செடிகள் உருண்டை மட்டுமே கொடுத்தன. 372 செடிகள் உருண்டையும் சுருக்கமும் கலந்து கொடுத்தன. கண்ணுக்கு 565ம் ஒரே மாதிரி விதை. மூன்றில் இரண்டு தனக்குள் வேறொன்றை ஒளித்து வைத்திருந்தது. எது ஒளிக்கிறது, எது ஒளிக்கவில்லை என்பது அதன் பிள்ளைகளைப் பார்த்தபின்தான் தெரிந்தது.

முன்னால் நிற்பதை ஓங்கு பண்பு என்றும் ஒளிந்திருப்பதை ஒடுங்கு பண்பு என்றும் சொல்கிறோம். பெயரைக் கேட்டதும் ஒன்று பலசாலி, மற்றது நோஞ்சான் என்று தோன்றிவிடுகிறது. உள்ளே நடப்பது வேறு. உருண்டைக்கான மரபணு, மாவுச்சத்தைக் கிளை விட்டு வளர்க்கும் ஒரு நொதியைச் செய்கிறது. சுருக்க ரகத்தில் அந்த மரபணுவின் நடுவே வேறொரு துண்டு செருகிக்கொண்டு அதைக் கெடுத்துவிட்டது. நொதி இல்லாவிட்டால் மாவுச்சத்து குறைவு, சர்க்கரை அதிகம். சர்க்கரை தண்ணீரை இழுக்கும், விதை உப்பும், காயும்போது சுருங்கும். ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதிய நொதி கிடைத்துவிடுவதால் இரண்டாவது பிரதியின் பழுது வெளியே தெரிவதில்லை. அவ்வளவுதான் 'ஓங்கு'. பச்சையாக உரித்துத் தின்னும் இனிப்புப் பட்டாணி பெரும்பாலும் இந்தச் சுருக்க ரகம்தான். ஓங்கு என்றால் ஊரில் அதிகம் என்றும் பொருள் இல்லை. ஆறாம் விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே இறங்குகிறது. அதற்காக ஊரில் பாதிப்பேருக்கா ஆறு விரல் இருக்கிறது?

மயில்கழுத்து நிறத்துக்கு ஈடு கோழியில் உண்டு: கழுத்து மொட்டைக் கோழி. அந்த மரபணு இரண்டு பிரதியும் இருந்தால் கழுத்து ஏறக்குறைய முழு மொட்டை. ஒரே பிரதி இருந்தால் கழுத்தின் முன்பக்கம் கீழே ஒரு கொத்து இறகு குஞ்சம் மாதிரி நிற்கும். குஞ்சம் உள்ள சேவலையும் குஞ்சம் உள்ள பெட்டையையும் சேர்த்தால், நூறு குஞ்சில் ஏறத்தாழ 25 முழு மொட்டை, 50 குஞ்சத்தோடு, 25 இறகு மூடிய கழுத்தோடு. இந்தப் பண்பில் ஒளிவு மறைவு கிடையாது. பார்த்த மாத்திரத்தில் எத்தனை பிரதி என்று சொல்லிவிடலாம். வெயில் காலத்தில் மொட்டைக் கழுத்துக் கோழி உடல் சூட்டை எளிதில் தணித்துக்கொள்ளும் என்பது கூடுதல் லாபம்.

நாற்றங்காலில் தெரியும் தகப்பன்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னங்கன்று வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி மரபியல் கேள்விதான்: இந்தக் கன்றுக்குத் தகப்பன் யார்?

நெட்டை மரத்தில் ஒரு பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் முதலில் விரியும். ஏறத்தாழ மூன்று வாரம் உதிர்ந்து முடிந்த பிறகுதான் அதே பாளையின் பெண் பூக்கள் மகரந்தம் ஏற்கத் தயாராகும். அதனால் நெட்டையில் காய் பிடிப்பது பெரும்பாலும் அடுத்த மரத்து மகரந்தத்தால். குட்டையில் இரண்டு பருவமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் தன் பாளையின் மகரந்தமே தனக்குப் போதும். எனவே குட்டை ரகத்தின் நெற்று பெரும்பாலும் தாயை உரித்து வைத்த மாதிரியே முளைக்கும். நெட்டையின் நெற்றில் பாதிதான் நீங்கள் அண்ணாந்து பார்த்து மெச்சிய மரம்; மறுபாதி காற்றும் தேனீயும் கொண்டுவந்தது. நல்ல தாய்மரத்தைத் தோப்பின் நடுவிலிருந்து, சுற்றிலும் நன்றாகக் காய்க்கும் மரங்களுக்கு இடையே தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்காகத்தான். வேலியோர மரம் எவ்வளவு காய்த்தாலும், பக்கத்துத் தோப்புச் சோணி மரமும் அதன் கன்றுக்குத் தகப்பனாகலாம்.

குட்டையைத் தாயாகவும் நெட்டையைத் தந்தையாகவும் வைத்து ஒட்டுக் கன்று, அதாவது கலப்பினக் கன்று எடுக்கும்போது, குட்டையின் ஆண் பூக்களை முழுவதும் அகற்றியாக வேண்டும். பாளை தானாக வெடிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே திறந்து ஆண் பூக் கதிர்களை நறுக்கிவிட்டுப் பை கட்டுவார்கள். பெண் பூவின் நுனியில் தேன்துளி கசியும் நாளில் நெட்டையின் மகரந்தத்தை டால்க் தூளோடு கலந்து ஊதுவார்கள். நெற்று முற்ற 11, 12 மாதம் ஆகும். ஒரு நாள் தாமதித்தாலும், நான்கு பூ விட்டுப்போனாலும், குட்டை தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். ஒட்டு என்ற பெயரில் வாங்கிய கன்றில் சில வெறும் குட்டையாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, தாய் சௌகாட் ஆரஞ்சு குட்டை என்ற ரகமாக இருந்தால். இளங்கன்றின் மட்டைக்காம்பைப் பாருங்கள். தெளிவான ஆரஞ்சு நிறம் என்றால் அது தன்மகரந்தக் கன்று, தள்ளிவிட வேண்டியது. பழுப்போ பச்சை கலந்த செம்பழுப்போ ஓடினால் பச்சை நெட்டைத் தகப்பனின் பங்கு உள்ளே வந்திருக்கிறது, அதுதான் ஒட்டு. பச்சை நிறம் தரும் மரபணு ஒரு பிரதி வந்தாலே தூய ஆரஞ்சு மறைந்துவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. தாய் பச்சைக் குட்டையாக இருந்தால் இந்த அடையாளம் கைகொடுக்காது, அப்போது நாற்றங்கால்காரரின் நாணயம்தான் ஆதாரம். நிறம் தேறிய பிறகு வீரியம் பாருங்கள்: ஓராண்டுக் கன்றில் குறைந்தது 6 இலை, அடிக்கழுத்துச் சுற்று 10 சென்டிமீட்டர்.

அந்த ஒட்டு மரம் நன்றாகக் காய்க்கிறதே என்று அதன் நெற்றையே அடுத்த தோப்புக்கு விதையாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெண்டலின் 372 செடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு மரத்துக்குள் குட்டையும் நெட்டையும் ஆளுக்கொரு பிரதியாகப் பிரியாமல் கிடக்கின்றன. அடுத்த தலைமுறையில் அவை சீட்டுக்கட்டு கலைத்த மாதிரி பிரியும். ஒரே தோப்பில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று காய் பெருத்து, ஒன்று காய் சிறுத்து. தென்னையில் அந்தத் தப்பு தெரிய ஐந்தாறு வருஷம் ஆகிவிடும்.

உடுமலை, பல்லடம் பக்கம் கோழித்தீவனத்துக்குப் போடும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் அது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். அங்கே பெற்றோர் இருவரும் பல தலைமுறை தன்னோடு தானே சேர்க்கப்பட்டு மெலிந்த கால்வழிகள். ஒன்றின் பழுதான மரபணுவை மற்றொன்றின் நல்ல பிரதி மூடிவிடுவதால் சேர்ந்த பயிர் திமிறி எழும்பும். அறுவடைக் கதிரையே விதைக்கு வைத்தால், இரண்டு பிரதியும் வெவ்வேறாக இருக்கும் அந்தக் 'கலப்பு ஜோடி' பாதியாகக் குறையும், வீரியமும் அந்த அளவுக்கு இறங்கும். விதைக் கம்பெனியின் சூழ்ச்சி என்று இதைச் சொல்வதுண்டு. சூழ்ச்சி இருக்கிறதோ இல்லையோ, கணக்கு இயற்கையுடையது.

கரும்பு மட்டும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தது, ஏனென்றால் நாம் அதைக் கரணையில் நடுகிறோம். கரணை தாயின் உடம்புத் துண்டு. அங்கே சீட்டுக் கலைப்பு கிடையாது, கலப்பினம் எத்தனை வருஷமானாலும் அப்படியே நிற்கும். விதை வழிக் கலப்பு நடப்பது வளர்ப்பாளர் கையில் மட்டும். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் தடித்த 'வெள்ளை' கரும்பை நம்மூர் ஓடைகளில் தானாக வளரும் நாணலோடு சேர்த்தார்கள். நாணலில் சாறு ஏது? ஆனால் வறட்சியும் குளிரும் தாங்கும். அதில் பிறந்த கோ 205 வட இந்தியாவுக்காக 1918இல் வெளிவந்தது. வேடிக்கை, மரபணுக்களைச் சுமக்கும் அதன் குரோமோசோம்களின் எண்ணிக்கையில். வெள்ளையில் 80, கோவை நாணலில் 64. பாதிப்பாதி வந்தால் 40ம் 32ம் சேர்ந்து 72 இருக்க வேண்டும். கோ 205இல் 112. தாய்க் கரும்பு தன் 80ஐயும் முழுசாகக் கொடுத்துவிட்டது, நாணல் 32 கொடுத்தது. பாதி தாய், பாதி தந்தை என்ற விதிக்கே விலக்கான ஒரு பயிரில்தான் இந்தியாவின் சர்க்கரைத் தொழில் எழுந்து நின்றது.

சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று

மரபணுக்கள் தனித்தனியே மிதப்பதில்லை. குரோமோசோம்களில் வரிசையாக இருக்கின்றன. மனிதனுக்கு 46, மாட்டுக்கு 60, கோழிக்கு 78, தென்னைக்கு 32. ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் உள்ளவை சேர்ந்தே பயணம் செய்யும். இதில் ஒரு ஜோடி பாலை முடிவு செய்கிறது. மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். தாய் எப்படியும் எக்ஸ்தான் கொடுப்பாள். ஒய் வந்ததா இல்லையா என்பது தகப்பன் பக்கத்துச் சமாச்சாரம். பெண் குழந்தைகளாகவே பிறந்ததற்கு மருமகளைக் குறை சொல்கிற மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியை மகனிடம் கேட்டிருக்க வேண்டும், அவர் கையிலும் அது இல்லை என்றாலும். கோழியில் இது தலைகீழ்: சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. முட்டையில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைப் பெட்டைதான் முடிவு செய்கிறது.

இந்தத் தலைகீழ்க் கணக்கின்மேல்தான் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களின் வேலை நடக்கிறது. நாமக்கல்லில் முட்டைக்கோழி வளர்க்கிறவருக்குப் பெட்டைக் குஞ்சுதான் வேண்டும். பொரித்த அன்றே பிரிக்க ஒரு வழி, இறக்கை இறகின் வேகம். இறகு மெதுவாக முளைக்கும் மரபணு ஓங்கு பண்பு, அது இசட்டில் இருக்கிறது. வேக இறகுச் சேவலையும் மெது இறகுப் பெட்டையையும் பெற்றோராக வைப்பார்கள். மகன், தாயின் ஒரே இசட்டைப் பெறுவதால் மெது இறகு. மகளுக்குத் தாயிடமிருந்து டபிள்யூ, தகப்பனிடமிருந்து இசட். அதனால் வேக இறகு. ஒருநாள் குஞ்சின் இறக்கையை விசிறி மாதிரி விரித்தால் இரண்டு வரிசை தெரியும். கீழ்வரிசைப் பெரிய இறகுகள் மேல்வரிசை மூடிறகுகளைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ கீழ்வரிசை குட்டையாகவோ இருந்தால் சேவல். பொரித்த அன்றைக்கே பார்க்க வேண்டும். நாள் தள்ளினால் சேவலின் இறகும் வளர்ந்து குழப்பிவிடும்.

எங்கே சொதப்புகிறது? பண்ணைக் கோழியை அதே கலப்பில் பிறந்த சேவலோடு விட்டு வீட்டிலேயே குஞ்சு எடுத்து, அதற்கும் இறக்கை பார்க்கும்போது. அந்த மகனிடம் ஒரு மெது பிரதி, ஒரு வேகப் பிரதி. மகளிடம் ஒரே வேகப் பிரதி. இவை இரண்டும் சேர்ந்தால் மகன்களில் பாதி மெது, பாதி வேகம், மகள்களிலும் அதே. இறக்கை ஒன்றுமே சொல்லாது. பார்க்கிறவர் கை தேர்ச்சியில் குறை தேடுவது வீண்.

நிறம் வைத்துப் பிரிப்பதும் இதே கணக்கு. ரோட் ஐலண்ட் ரெட் சேவல், லைட் சசெக்ஸ் பெட்டை சேர்ந்தால் சேவல் குஞ்சு வெளிர் நிறம், பெட்டைக் குஞ்சு செம்பழுப்பு. சேவலையும் பெட்டையையும் இனம் மாற்றிச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் வெளிர்தான். பெற்றோர் அதே இரண்டு இனம்தான், யார் எந்தப் பக்கம் என்பது மாறியதும் பலன் போய்விட்டது.

மயிலைக்குள் இருக்கும் செவலை

காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் ஆகும்போது அந்தச் சிவப்பு மங்கிச் சாம்பல் ஏறும். காளையானால் திமிலிலும் முன்னங்காலிலும் பின்தொடையிலும் கருமை படரும். காயடித்துவிட்டால் கருமை வெளுத்து மயிலை, அதாவது சாம்பல் நிற எருதாக நிற்கும். பசுவோ மயிலை, இல்லையேல் 'பிள்ளை' என்று சொல்லும் வெள்ளைக்குக் கிட்டத்து நிறம். இத்தனை நிறத்துக்கும் மரபணு மாறவில்லை. காளையும் அதன் உடன்பிறந்த கிடாரியும் அதே நிறக் குறிப்புகளைச் சுமக்கலாம். காளையின் ஆண் சுரப்பு அவற்றைக் கருமையாகப் படிக்கிறது. மரபணு ஓலை என்றால் உடம்பு அதைப் படிக்கிற வாத்தியார். வயதும் சுரப்பும் மாறினால் படிப்பு மாறும்.

பாலிலும் இதே நிலைமைதான், எதிர்ப்பக்கமாக. காளை பால் கறக்காது. ஆனால் மகளின் பாலுக்கான மரபணுக்களில் பாதி அதனிடமிருந்துதான் வருகிறது. பாலளவை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. சிறு சிறு பங்குள்ள பல மரபணுக்கள், அதன்மேல் தீவனம், தண்ணீர், வெயில், கறவைக்காரரின் கை. மாட்டுக்கு மாடு பாலில் உள்ள வேறுபாட்டில் தலைமுறைக்கு இறங்கக்கூடிய பங்கு ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பண்ணையின் சராசரியைவிட ஒரு பசு 4 லிட்டர் கூடுதலாகக் கறக்கிறது. அதைச் சராசரிக் காளையோடு சேர்த்தால் மகளிடம் எதிர்பார்க்கக்கூடிய கூடுதல்: 4 லிட்டரில் 30 சதவீதம் 1.2, அதில் தாயின் பாதிப் பங்கு 0.6 லிட்டர். நாலு லிட்டருக்கு விலை கொடுத்துவிட்டு அரை லிட்டர் வாங்கிய ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. காளையின் தரத்தை அதன் கட்டுடம்பிலோ சுழியிலோ தேடாமல், பல கட்டுத்தறிகளில் கறக்கும் அதன் மகள்களின் பாலில் தேடுவதே சரி.

ஜெர்சி சினை ஊசி போட்ட நாட்டு மாட்டின் முதல் கன்று சரியாகப் பாதிப்பாதி. மக்காச்சோளத்தில் சொன்ன அதே வீரியம் அதிலும் உண்டு. அந்தக் கிடாரிக்கு மறுபடி ஜெர்சி போட்டால் சராசரியாக முக்கால் பங்கு ஜெர்சி, பால் கொஞ்சம் ஏறலாம், உண்ணியும் வெயிலும் தாங்கும் சக்தி இறங்கும். கலப்பினக் காளையையே போட்டால் சராசரிப் பங்கு பாதியாகவே இருந்தாலும் முதல் கலப்பின் வீரியத்தில் பாதி கரைந்துவிடும், கன்றுக்குக் கன்று வித்தியாசம் கூடும். திரும்பக் காங்கயத்துக்கே கொண்டுவர நினைப்பவர் தலைமுறைதோறும் தூய காங்கயம் காளையைச் சேர்த்தால் பங்கு 3/4, 7/8, 15/16 என்று ஏறும். இவை சராசரிகள்தான், முதல் கலப்புக்குப் பிறகு ஒவ்வொரு கன்றின் பங்கும் சீட்டு விழுந்த வகையில் முன்னே பின்னே இருக்கும்.

பிறக்கும்போதே இருப்பதெல்லாம் பரம்பரை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. காளங்கன்றோடு ஜோடியாகப் பிறந்த கிடாரி நூற்றில் தொண்ணூறுக்கு மேல் சினைபிடிக்காது. கருப்பையில் இரண்டின் இரத்தமும் கலந்து, காளங்கன்றின் சுரப்பு கிடாரியின் உறுப்புகளைக் கெடுத்ததுதான் காரணம். தாய்ப்பசுவைக் குற்றம் சொல்லி விற்க வேண்டாம். அடுத்த ஈற்றில் நல்ல கிடாரியே போடலாம்.

ஊருக்கு ஒரு பூச்சிக்காளை (பொலிகாளை) என்ற ஏற்பாட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. மூன்று நான்கு வருஷத்தில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்து அதன் முன்னால் நிற்கும். தகப்பன்–மகள் சேர்க்கையில் பிறக்கும் கன்றுக்கு, ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துசேரும் வாய்ப்பு மரபணு ஒவ்வொன்றிலும் 25 சதவீதம். ஒளிந்திருந்த பழுதுகள் வெளியே வருவது இப்படித்தான்: சினை நிற்காமை, பலவீனக் கன்று, வளர்ச்சிக் குறைவு. சினை ஊசியிலும் இந்த ஆபத்து போய்விடவில்லை, பெருகத்தான் வாய்ப்பு, ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். ஊசிக் குழாயிலேயே காளையின் எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட்ட தேதியோடு அந்த எண்ணையும் குறித்து வைத்து, அந்தச் சினையில் பிறந்த கிடாரிக்கு வேறு எண்ணைக் கேளுங்கள். செலவில்லாத காரியம், இதைச் செய்கிறவர்கள் குறைவு.

ஒரு காளை கெட்ட மரபணுவை ஒளித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கவும் கணக்கு உண்டு. அந்தப் பழுதைச் சுமப்பதாகத் தெரிந்த பசுக்களோடு சேர்த்து 11 கன்றும் நலமாகப் பிறந்தால், சுமக்கும் காளை இப்படித் தப்பிப்பதற்கு வாய்ப்பு நூற்றில் நாலுதான். அப்படிப்பட்ட பசுக்கள் கிடைக்காமல் அதன் சொந்த மகள்களோடு சேர்த்துச் சோதித்தால் ஏறத்தாழ அதே அளவு உறுதிக்கு 23 கன்று வேண்டும். ஒன்றே ஒன்று பழுதாகப் பிறந்தாலும் தீர்ப்பு முடிந்தது. இரண்டு கன்று நன்றாகப் போட்டதே என்பது மரபியலில் சாட்சியம் ஆகாது.

கூட்டமும் குரோமோசோமும்

கொங்கு வேளாளரில் ஆந்தை, காடை, செங்கண்ணன் என்று கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை. இரத்தக் கலப்பைத் தவிர்க்கப் பெரியவர்கள் போட்ட அறிவியல் வேலி என்று இதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. கூட்டம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. மகன் வழியே இறங்கும் ஒய் குரோமோசோம் போகிற பாதை அது. 46 குரோமோசோமில் அது ஒன்றே ஒன்று. மாமன் மகள் வேறு கூட்டம், முறைக்காரி. ஆனால் அவளும் அத்தை மகனும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள், மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளியிடம் அந்த அளவு உறவு இரத்தத்தில் இருக்காது. வேலி ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் திறந்தும் இருக்கிறது.

தாத்தாவிடம் ஒரு பழுதான ஒடுங்கு மரபணு ஒரு பிரதி இருந்ததாக வைத்துக்கொள்வோம். மகனுக்கும் மகளுக்கும் போக ஆளுக்குப் பாதி வாய்ப்பு, பேரனுக்கும் பேத்திக்கும் கால். அந்தப் பேரனும் பேத்தியும் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு அது இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் வாய்ப்பு 1/64. சொந்தத் தாய்மாமனையே மணந்தால் 1/32. சிறிய எண்தான். ஆனால் அது ஒரு பழுதுக்கான கணக்கு. தாத்தாவும் பாட்டியும் ஆளுக்குச் சிலதைச் சுமந்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே எடுத்துவந்த குடும்பத்தில் எண் இன்னும் ஏறும்.

இரத்தத்தின் ஹீமோகுளோபினில் பழுது வரும் தாலசீமியாவும் அரிவாள் செல் சோகையும் இந்த வகை. ஒரு பிரதி மட்டும் உள்ளவர் சுமப்பவர். நன்றாக நடமாடுவார், தெரியவே தெரியாது. அரிவாள் செல் மரபணு நீலகிரிப் பழங்குடிகளிடம் இருப்பது 1952இலேயே பதிவானது. சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நாலில் ஒன்று, சுமப்பவராகப் பிறக்க நாலில் இரண்டு, இரண்டும் நல்ல பிரதியாக அமைய நாலில் ஒன்று. 'ஒவ்வொரு கர்ப்பத்திலும்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்குப் பயமில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காசுக்கு நினைவு கிடையாது. அடுத்த முறை சுண்டினாலும் அதே நாலில் ஒன்று.

கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை போதும். தாலசீமியாவுக்கு, முழு இரத்த அணு எண்ணிக்கையில் சிவப்பணு வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால் அடுத்ததாக ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளப்பார்கள்; அரிவாள் செல்லுக்கு அணுவின் அளவு எப்படியிருந்தாலும் இந்தப் பிரிப்பு வேண்டும். ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தாலசீமியா சுமப்பவர் என்று கொள்வது வழக்கம். இரும்புச்சத்துக் குறைவு கூடவே இருந்தால் இந்த அளவு தாழ்ந்து காட்டி ஏமாற்றும், அதனால் சிலரை இரும்பு மாத்திரை சாப்பிட்ட பின் மறுபடி வரச் சொல்வார்கள். மணமக்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் பார்க்க வேண்டும். மற்றவருக்கு ஹீமோகுளோபின் பழுது எதுவும் இல்லையென்றால் குழந்தைகளில் பாதிப்பேர் சுமப்பவராகலாம், நோய் வராது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்க ஆகும் நேரத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். நிச்சயம் முடிந்து பத்திரிகை அடித்தபின் போனால் முடிவு எதுவானாலும் இரண்டு வீட்டுக்கும் சங்கடம், ஆகவே பேச்சு தொடங்கும்போதே.